கழனிக்கு நடுவே மனைக்கல்: ஊர் என்ன செய்யலாம்?

திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கத்தில் இருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஊரில் ஏரிக்குக் கீழே, மதகை ஒட்டிய 9 ஏக்கர் நன்செய் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் அளந்து மனைக்கல் நட்டுவிட்டார்கள். விரைவில் 'நகர்' என்று பெயர்ப் பலகையும் வரப்போகிறது. அந்த 9 ஏக்கருக்குள் போகும் கால்வாய்தான் கீழே உள்ள 35 ஏக்கர் கழனிக்கு நீர் தருகிறது. ஊரில் ஒரு பகுதியினர் எப்படியாவது நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் ரோடு வரும், நம் நிலத்துக்கும் விலை ஏறும் என்கிறார்கள். நிலத்தை விற்றவரோ மருத்துவமனைக் கடனுக்காக விற்றவர். அவரோடு இப்போது ஊரில் பாதிப் பேர் பேசுவதில்லை. இதை நிறுத்த முடியுமா, முடியாவிட்டால் 35 ஏக்கருக்குத் தண்ணீர் என்ன ஆகும் என்பதுதான் வாசகரின் கேள்வி.

இதே கேள்வி பெரிய ஊர்களைச் சுற்றியுள்ள எல்லா மாவட்டங்களிலும் இருப்பதால், இந்த இதழில் இந்த ஒரு கேள்விக்கே விரிவாகப் பதில் தரப்படுகிறது.

விற்பது வேறு, மனையாக மாற்றுவது வேறு

பட்டாதாரர் தன் நிலத்தை விற்பதை ஊர் தடுக்க முடியாது. அது அவர் உரிமை. ஆனால் வாங்கியவர் அதை உடனே மனையாக்கி விற்க முடியாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு' என்று மட்டும் சொல்லி விற்கும் மனையை நம்ப முடியாது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் பிறகு 20.10.2016-க்கு முந்தைய மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகப் போடும் மனைப்பிரிவுக்கு இந்தச் சலுகை கிடையாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமமான 'ரெரா'விலும் பதிவு செய்த பிறகே விளம்பரம் செய்யலாம், விற்கலாம்.

எனவே கல் நட்டுவிட்டார்கள் என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்க வேண்டாம். கல் நடுவதற்கு ஒரு நாள் போதும். அனுமதிக்குப் பல அலுவலகங்கள் வழியாகக் கோப்பு போக வேண்டும். ஊர் பேச வேண்டிய காலம் அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலர் அனுமதியே கேட்காமல், விவசாய நிலமாகவே 10 சென்ட், 20 சென்ட் என்று துண்டு போட்டு, 'பண்ணை மனை' என்ற பெயரில் விற்கிறார்கள். பாதை போடுவதும் கல் நடுவதும் மனைப்பிரிவு போலவே இருக்கும், அனுமதி மட்டும் இருக்காது. இப்படி நடந்தால் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் சார்பதிவாளருக்கும் சர்வே எண்ணோடு எழுதித் தெரிவிக்கலாம்.

நன்செய் என்றால் என்ன பார்ப்பார்கள்?

நன்செய் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கேட்டால், வருவாய்த் துறையிடமும் வேளாண்மைத் துறையிடமும் கருத்துக் கேட்கப்படும். சாகுபடி நடக்கிறதா, பாசன ஆதாரம் என்ன, மாற்றினால் அக்கம்பக்கத்து ஆயக்கட்டு பாதிக்குமா, வாய்க்கால் அல்லது பாதை குறுக்கே போகிறதா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வர வேண்டியவை. முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் நில உபயோகத்தை மாற்றுவதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் எழுத்து மூலம் கொடுத்தால்தான் ஆட்சேபணை கணக்கில் வரும்.

இங்கே பலர் கோட்டை விடுவது அடங்கலில். 2, 3 வருடம் பயிர் வைக்காத நிலம் 'தரிசு' என்று அடங்கலில் ஏறிவிட்டால், 'இங்கே விவசாயமே நடக்கவில்லை' என்று சொல்வது எளிதாகிவிடும். பக்கத்து 35 ஏக்கர்காரர்கள் தங்கள் பயிரை ஒவ்வொரு போகமும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் சரியாகப் பதிய வேண்டும். நெல்லோ, கரும்போ, மணிலாவோ, வைத்த பயிர் வைத்தபடி இருக்க வேண்டும். ஆயக்கட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடங்கலைவிட நல்ல சாட்சி இல்லை.

9 ஏக்கர் செய்கிற வேலை

ஒரு கழனி நெல்லை மட்டும் தருவதில்லை. அரை அடி வரப்புள்ள ஓர் ஏக்கர் வயல், நிரம்பினால் சுமார் 6 லட்சம் லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். 9 ஏக்கர் என்றால் 54 லட்சம் லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால் இந்த 9 ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 18 லட்சம் லிட்டர். இன்று அது வரப்புக்குள் நின்று, கொஞ்சம் இறங்கி, மெல்ல வடிகிறது. நாளை அங்கே தார் ரோடும் மாடி வீடும் வந்தால் பெரும்பகுதி உடனே ஓடிக் கீழே உள்ள கழனியில் போய் விழும். மனைப்பிரிவில் வழக்கமாக 2, 3 அடி மண் அடித்து மேடாக்குவார்கள். அப்போது கீழே உள்ள கழனி பள்ளமாகிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் கிணற்றில் நீர் குறைவு என்று இரண்டு பக்கமும் அடி விழும்.

அடுத்தது கழிவு நீர். 9 ஏக்கர் என்பது 900 சென்ட், அதாவது சுமார் 3.92 லட்சம் சதுர அடி. ரோடு, பூங்கா போக மீதியில் 1,200 சதுர அடி வீதம் பிரித்தால் கிட்டத்தட்ட 200 மனை வரும். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கிராமக் குடிநீர்த் திட்டத்தின் அளவை வைத்தே பார்த்தாலும் 44,000 லிட்டர். அதில் 80 சதவிகிதம் கழிவாக வெளியேறினால் தினமும் 35,000 லிட்டர். தனி வடிகால் இல்லாவிட்டால் அது போகும் ஒரே இடம் பாசனக் கால்வாய்தான்.

சாக்கடை நீரில் உரச்சத்து இருக்கிறது, பயிருக்கு நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு தெரியாமல் தழைச்சத்து ஏறினால் நெல் கரும்பச்சையாகத் தழைத்து, தண்டு பலமில்லாமல் சாயும். குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் கூடும். சோப்பு நீரில் வரும் உப்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் மண் இறுகும். நடவுக்கு இறங்குபவர்களுக்குக் கால் அரிப்பு வரும். கால்வாயில் பிளாஸ்டிக் அடைத்தால் மதகைத் திறந்தாலும் நீர் கடைமடைக்குப் போகாது. ஊர் தன் மனுவில் எழுத வேண்டியது இந்தக் கணக்குகளைத்தான். 'எங்கள் ஊர் பாழாகும்' என்று எழுதினால் அதிகாரி படித்து வைத்துவிடுவார். '35 ஏக்கர், இன்ன சர்வே எண்கள், இன்ன மதகு' என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கால்வாய் யாருடையது?

இதுதான் முதல் வேலை. கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையிலேயே பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் எடுத்துத் தருவார்கள்.

கால்வாய்க்குத் தனி சர்வே எண் அல்லது உட்பிரிவு இருந்து, அது வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகி இருந்தால் அது அரசு நிலம். அதை மனையில் சேர்க்கவோ, மூடவோ, திருப்பவோ யாருக்கும் உரிமை இல்லை. அதன் குறுக்கே ரோடு போட வேண்டுமானாலும் சிறுபாலம் கட்ட உரிய துறையின் அனுமதி வேண்டும். ஏரியின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனு யாருக்குப் போக வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும்.

கால்வாய் பட்டா நிலத்துக்குள் மாமூலாக ஓடுகிறது, பதிவேட்டில் தனியாக இல்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தொடர்ந்து, வெளிப்படையாக, உரிமையோடு, தடையில்லாமல் நீர் பாய்ச்சி வந்திருந்தால் அந்தப் பாத்தியத்தைக் கோரலாம். பழைய கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடை, வண்டிப்பாதை, நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உட்பட' என்ற வரி இருக்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பத்திரங்களை 35 ஏக்கர்காரர்களும் தேடி எடுக்க வேண்டும். நீர்க்கட்டியாக இருந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்த மதகில் இருந்து எந்தக் கழனிக்கு எந்த முறையில் நீர் போனது என்று எழுதி வாங்குவதும் நல்லது. கால்வாயின் அகலத்தையும் ஆழத்தையும் இன்றே அளந்து, தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். மண் அடித்த பிறகு எடுக்கும் படத்தால் பயன் குறைவு.

மனு கொடுக்கும் முறை

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அதில் தீர்மானம் போடலாம். கிராம சபைத் தீர்மானம் மட்டுமே மனைப்பிரிவை ரத்து செய்துவிடாது. ஆனால் ஊர் எப்போது, என்ன காரணம் சொல்லி ஆட்சேபித்தது என்பதற்கு அது ஆவணம். தீர்மானத்தில் சர்வே எண், கால்வாயின் நீளம், ஆயக்கட்டுப் பரப்பு, ஊர் கேட்பது என்ன என்பவை தெளிவாக இருக்க வேண்டும். நகல் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

அடுத்து, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதே மனுவின் நகலை நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், வேளாண்மை இணை இயக்குநர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஏரிக்குப் பொறுப்பான பொறியாளர் ஆகியோருக்கும் அனுப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா, எந்தத் துறை என்ன கருத்து சொன்னது, வரைபடத்தில் கால்வாய் காட்டப்பட்டிருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இதற்குள் கால்வாயில் மண் தள்ள ஆரம்பித்துவிட்டால் காத்திருக்க நேரம் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வேண்டும். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவச வழக்கறிஞர் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

நிறுத்த முடியாவிட்டால்?

உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லா ஆவணமும் சரியாக இருந்து, துறைகள் ஆட்சேபிக்காமல் போனால் மனைப்பிரிவு வரும். அப்போது ஊர் ஒதுங்கி நின்றால் இழப்பு ஊருக்குத்தான். வரைபடம் இறுதியாவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை இவை:

கால்வாய் புலப்படத்தில் உள்ள அகலத்துடன், திறந்த கால்வாயாகவே விடப்பட வேண்டும். ரோடு கடக்கும் இடத்தில் சிறுபாலத்தின் தரைமட்டம் இன்றைய கால்வாயின் தரைமட்டத்துக்கு மேலே போகக் கூடாது. அரை அடி உயர்ந்தாலும் கடைமடைக்கு நீர் ஏறாது. மழைநீருக்குத் தனி வடிகால் வேண்டும். கழிவு நீருக்கு உறிஞ்சு குழியோ, பொதுச் சுத்திகரிப்போ வேண்டும், பாசனக் கால்வாயில் ஒரு குழாயும் சேரக் கூடாது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவிகித நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். அந்த இடத்தை மூலையில் தள்ளாமல் கால்வாய் ஓரமாக வைக்கச் சொல்லலாம். கீழே உள்ள கழனிக்கு டிராக்டரும் அறுவடை எந்திரமும் போக 12 அடிப் பாதையாவது வேண்டும்.

ரோடும் திறந்தவெளியும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வடிகால் எல்லாம் ஊராட்சியின் தலையில். மனை விற்றவர்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் வேலைகள் முடிந்ததைப் பார்க்காமல் ஊராட்சி தானப் பத்திரம் வாங்க அவசரப்படக் கூடாது.

விலை ஏறும் என்பவர்களுக்கு

விலை ஏறலாம். அது விற்பவருக்குத்தான் லாபம், பயிர் வைப்பவருக்கு அல்ல. மேல் மடையில் ஒரு மனைப்பிரிவு வந்து நீர் தடைபட்டால், அடுத்த கழனி ஒரு போகம் தரிசாகும், பிறகு வந்த விலைக்குப் போகும். அதற்கும் கீழே இருப்பவர் இன்னும் குறைந்த விலைக்குக் கொடுப்பார். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும், நடவு, களை எடுப்பு, அறுப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இந்த விலையில் ஒரு ரூபாய் பங்கு கிடையாது. வேலை மட்டும் போகும்.

விற்க முடிவு செய்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் முன்பணம் கொடுத்து, 'பவர்' எழுதி வாங்கி, மனை விற்க விற்கப் பணம் தருகிறோம் என்பார்கள். முழுத் தொகை வரும் வரை நிலம் உங்கள் பெயரில் இருக்கும். அனுமதி இல்லாமல் அவர்கள் மனை விற்றால் வழக்கும் உங்கள் பெயரில் வரும். பொது அதிகாரப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

விற்றவரை என்ன செய்வது?

வாசகரின் கடிதத்தில் கடைசியாக இருந்த கேள்வி இது. மருத்துவமனைக் கடனில் இருந்தவருக்கு ஊரில் யாரும் வாங்க வரவில்லை, வெளியூர்க்காரர் வந்தார், விற்றார். அதைக் குற்றமாகப் பார்ப்பதால் கால்வாய் திரும்பாது. அவரிடம்தான் பழைய பத்திரங்களும், கால்வாய் எப்படி ஓடியது என்ற நினைவும் இருக்கின்றன. பாத்தியத்தை நிரூபிக்க அவர் சொல்லும் சாட்சி எல்லாவற்றையும்விட வலுவானது. அவரைப் பகைத்தால் அந்தச் சாட்சி எதிர்ப்பக்கம் போகும்.

வீடு கேட்பவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். நத்தத்தில் இடம் இல்லாத குடும்பங்கள் ஊரில் இருக்கும். மேட்டு மானாவாரி நிலத்தில், ரோடு ஓரத்தில் வீட்டுமனைக்கு இடம் காட்டி அதே கிராம சபையில் இன்னொரு தீர்மானம் போட்டால், ஊர் வீட்டுக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது.

இது தொடர்பாக வந்த வேறு இரண்டு கேள்விகள்

*காவிரி டெல்டாவில் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே, அங்கே மனைப்பிரிவு வராதா?*

2020-ம் வருட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலைகள், தோல் பதனிடுதல் போன்ற புதிய தொழில்களைத் தடுக்கிறது. அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. டெல்டா விவசாயிகளும் மேலே சொன்ன வழிகளையே பின்பற்ற வேண்டும்.

*வீட்டு வசதித் திட்டத்துக்கு அரசே நிலம் எடுத்தால்?*

2013-ம் வருட நில எடுப்புச் சட்டத்தின்படி முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் ஆட்சியரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதை நிரூபிக்கவும் அடங்கல் பதிவுதான் கை கொடுக்கும்.

செய்யாறு வாசகர் இந்த 15 நாளில் செய்யக்கூடியது: 35 ஏக்கர்காரர்களும், முடிந்தால் விற்றவரும், கையில் புலப்படத்தோடு மதகில் இருந்து கடைமடை வரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கால்வாய் புறம்போக்கா, பட்டாவா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்கேற்ப மனு எழுதலாம்.